வெள்ளை ரோஜா நட்ட குழி

அக்காவைப் பிரசவத்துக்கு அழைத்துவர அப்பா போனார். வெறுங்கையோடு திரும்பினார். "அவளே வரமாட்டேங்கறா" என்று மட்டும் சொன்னார். அடுத்து என்னை அனுப்பினார்கள்.

உப்பளத்திலிருந்து முதலியார்பேட்டை அதிக தூரமில்லை. ரிக்‌ஷாவில் போகும்போதே அக்காவின் மாமியாரிடம் பேச வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டேன். வாசலில் அவரைப் பார்த்ததும் ஒன்றும் வாயில் வரவில்லை.

"வாம்மா ஜெயம். பி.எஸ்ஸி. முடிச்சிட்டியாமே. உள்ள போ, செல்வா அடுப்பங்கரைல இருக்கா."

என் அக்காவின் பெயர் தனக்கொடி. செல்வாம்பாள் என்பவள் மாமாவின், அதாவது அக்கா கணவரின், முதல் மனைவி. பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப்போன வருஷத்தில், இதே வீட்டில், பிரசவத்தில் இறந்தவள். குழந்தையும் தங்கவில்லை. சுமங்கலியாகப் போனதால் அவள் இப்போது அந்த வீட்டுத் தெய்வம், பூவாடைக்காரி. புதுப்புடவையும் பூவும் வைத்து அவளுக்குப் படைப்பார்கள். படைத்த புடவையை வீட்டு மருமகள் உடுத்திக்கொள்வது வழக்கம்.

அக்கா அந்தப் புடவையில்தான் இருந்தாள். வயிறு நன்றாக இறங்கியிருந்தது.

"அத்தை உன்ன என்னான்னு கூப்பிட்டாங்க, கேட்டியா?"

"தை மாசத்திலேருந்து அப்படித்தான்."

"நீ சும்மாவா இருக்க?"

அக்கா என் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு அழைத்துப் போனாள்.

அங்கே ஒரு ரோஜாச் செடி இருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் அக்கா நட்டது. அப்பா வாங்கிக் கொடுத்த ஒட்டு ரோஜா. முதல் பூவை நானே பார்த்திருக்கிறேன். பால் வெள்ளை, வாசனை கிடையாது. இப்போது அதே இடத்தில் செடி நிறைய ரோஸ் நிறப் பூக்கள். அருகில் போகும் முன்பே பன்னீர் வாசனை வந்தது.

"செல்வாம்பாளுக்குப் புடிச்ச பூ இதுதானாம்" என்றாள் அக்கா. "படையல் முடிஞ்சி கொஞ்ச நாள்ல மாறிடுச்சி. அவ வந்துட்டாளாம், அத்தை சொல்றாங்க. அவ பெறாத புள்ளைய என் வயித்துல பெத்துக்கப் போறாளாம். இந்த வூட்ட விட்டு அனுப்பக்கூடாதாம்."

"மாமா என்ன சொல்றாரு?"

"அவுரு ஆபீஸ்லேர்ந்து வந்தா இந்தப் பக்கமே வரமாட்டாரு." குரலைத் தணித்துக்கொண்டாள். "எனக்கு பயமா இருக்குதுடி. அவ செத்துப்போன ரூமத்தான் எனக்கும் பிரசவத்துக்குக் கழுவி வெச்சிருக்காங்க. ஆனா வெள்ளச் செடிய நட்டது நான். அது எப்படி மாறும்? நீ படிச்சவ, சொல்லு. அது அவ இல்லன்னா இப்பவே வந்துடறேன்."

எனக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது. கல்லூரியில் நான் படித்தது தாவரவியல். எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தை ஒருவர் என்னிடம் கேட்கிறார்.

"படையலுக்கு இதுலேர்ந்து பூ பறிச்சியா?"

"பூ இல்ல. மொட்டோட கிளை வெக்கறது இந்த வூட்டு வழக்கம். அடியோட அறுத்துக் குடுத்தேன்."

குனிந்து பார்த்தேன். மண்ணை ஒட்டி ஒரு காய்ந்த கட்டை. ஒட்டுப் போட்ட முடிச்சே அதில் இல்லை; அதற்குக் கீழேயே அரிவாள் இறங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, வெள்ளைய வெட்டினதே நீதான். ஒட்டுச்செடின்னா ரெண்டு செடி. அடியில முரட்டுச் செடி ஒண்ணு, அதும்மேல நமக்கு வேண்டியத ஒட்டுவாங்க. மேல இருக்கறத வெட்டிட்டா அடியில இருக்கறது தழைச்சி அதோட பூவப் பூக்கும். நிறம் மாறல. செடியே வேற."

"அப்ப யாரும் வரல?"

"யாரும் வரல."

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். "எம்மாம் பெரிய மண்டு நானு! இரு, பொட்டிய எடுத்துக்கறேன்." உள்ளே போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து பின்வாசலில் வைத்தாள்.

நான் அத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் மாமியாரிடம் வாயால் சொல்ல எனக்குத் தைரியமில்லை. வெட்டின கட்டையின் வேரிலிருந்தே புதுத் தண்டு தழைத்திருப்பதைக் கண்ணுக்குக் காட்டிவிட்டால் பேச வேண்டியிருக்காது என்று நினைத்தேன். களைக்கொத்தை எடுத்துச் செடியடியில் தோண்டினேன்.

சத்தம் கேட்டு மாமியார் வந்தார். "என்னாடி இது, காலேஜ் பொண்ணு கெணத்தடில பொதையல் தேடுது?"

நான் நிமிரவில்லை. காய்ந்த கட்டையைப் பற்றினேன். அது வேரோடு கையில் வந்துவிட்டது. கறுத்த, செத்த வேர். அதிலிருந்து எதுவும் துளிர்த்திருக்கவில்லை.

பூத்திருந்த தண்டு அதைத் தொடாமல் அதன் பக்கத்தில் நேராக ஆழத்துக்குப் போயிற்று. இன்னும் தோண்டினேன். கட்டைவிரல் பருமனில் ஒரு பழைய வேர் தெரிந்தது. அதில் கடப்பாரை பட்ட வடு. வடுவைச் சுற்றிலும் வெளிறிய முளைகள், விரல் விரலாக. வேரின் மறுமுனை சுவருக்கு அடியில் போயிற்று. அந்தப் பக்கம் கழுவி வைத்திருந்த அறை.

"இங்க முன்ன என்ன இருந்தது, அத்தை?" என்றேன். அன்று அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

"செல்வா வெச்ச பன்னீர் ரோசா. புதுப் பொண்ணு மனசு நோவுமேன்னு உங்க மாமன் பேத்துப் போட்டான். பேத்தா போயிடுமா?"

அக்கா குழிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த எடத்துல மண்ணு பொலபொலன்னு இருந்தது. அதான் இங்க நட்டேன்" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

இதற்கும் விளக்கம் இருக்கிறது. ஒட்டில்லாமல் பதியனில், தன் சொந்த வேரில் வளர்ந்த பன்னீர் ரோஜாவைப் பெயர்த்தாலும் மண்ணில் தங்கிய வேர் மறுபடி தழைக்கும். "அக்கா, அது வெறும் வேர்தான்..." என்று தொடங்கினேன்.

"அவளுதுதானே?"

ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. களைக்கொத்தைக் கீழே வைத்தேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

மெதுவாக உட்கார்ந்தாள். வயிறு இடித்தது. இரு கையாலும் மண்ணை அள்ளி வேரின்மேல் போட்டு, கைக்குழந்தைக்குத் துணி போர்த்துகிறவள்போலத் தட்டிவிட்டாள்.

"காத்து பட்டா காஞ்சிடும்" என்றாள்.

எழுந்து, பெட்டியைத் தாண்டி உள்ளே நடந்தாள்.

வாசலில் காத்திருந்த ரிக்‌ஷாக்காரர் மணியடித்தார். அக்காவை நான் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. அன்று அழைத்தேன், என்னால் முடிந்த அளவு சத்தமாக.

"தனக்கொடி!"

அவள் திரும்பவில்லை.

"செல்வா" என்றார் மாமியார், என் பக்கத்தில் நின்றபடியே, குரலைக்கூட உயர்த்தாமல். "இருட்டுது பாரு, வெளக்கு ஏத்து."

"தோ வந்துட்டேன் அத்தை."