எந்தப் போஸ்கொலோ?

சுவரொட்டி ஒட்டிய அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு ஒரு ஈ காக்கா வரவில்லை. காபி போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்திருந்தேன். கிராப்பா சாராயப் பாட்டிலைத் துடைத்து மேசைமேல் வைத்திருந்தேன். பக்கத்து ஃப்ளாட் பெண்ணிடம் நாற்காலிகள் இரவல் வாங்கிப் போட்டிருந்தேன். அவள் பாதுவாவிலிருந்து குடி வந்தவள். வருத்தம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தோடு துக்கம் விசாரித்தது முடிந்தது. நானும் மிலானிலிருந்து வந்திருந்த தம்பி இவானோவும் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்பா ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருந்தார்.

எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. நான்கு வருடம் அவரைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, ஊட்டி, இருமினால் எழுந்து ஓடி, என் உடம்பு என்னுடையதாகவே இல்லாமல் போயிருந்தது. மனசில் ஒரே ஒரு ஆசைதான் மிச்சம். கோயில் நிறைய ஆள் வந்து அந்த மனிதரை வழியனுப்ப வேண்டும். அவரோடு சேர்ந்து ஆயுசெல்லாம் மண் கிண்டிய தோட்டக்காரர்கள் வர வேண்டும். அதன் பிறகு நான் படுத்தால் யாரும் என்னை எழுப்பக் கூடாது.

"இப்பெல்லாம் யாருக்குக்கா நேரம் இருக்கு?" என்றான் இவானோ. "மிலான்ல ஆபீஸ்ல இருந்தே ஒரு மெசேஜ் தட்டி விட்ருவாங்க."

"இது மிலான் இல்லடா."

எங்கள் கியோஜ்ஜாவில் சாவுக்கு யாரும் போன் செய்து சொல்வதில்லை. சுவர் சொல்லும். ரொட்டிக்கடை ஓரம், பாலத்தடி, கோயில் வாசல் என்று கறுப்பு பார்டர் போட்ட தாளை ஒட்டிவிட்டால் ஒரு மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். நாங்கள் தோட்டத்துப் பக்கத்தை விட்டு, லிஃப்ட் இருக்கிறதென்று இந்தப் புதுக் குடியிருப்புக்கு வந்துவிட்டோம்தான். ஆனாலும் சுவருக்கு என்ன, அது எல்லோருக்கும் பொது. அப்படியும் யாரும் வரவில்லை என்றால் அப்பா யாருக்கும் வேண்டாதவர் என்றுதானே அர்த்தம்? நான்கு வருடத்தில் வராத அழுகை அப்போது வந்துவிடும்போல இருந்தது.

இங்கே எங்கள் பெயர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் ஒரு போஸ்கொலோ மேல்தான் விழும். தப்பித் தவறி விழாவிட்டால் அது ஒரு தியோஸ்ஸோ. போஸ்கொலோ என்றால் காட்டோரத்து ஆள் என்று சொல்வார்கள். சுற்றிலும் உப்புத் தண்ணீர், அதற்கு நடுவே மணல், மணலில் சிவப்பு ரதிக்கியோ கீரை. இதில் காடு எங்கே வந்தது, முதல் போஸ்கொலோ எந்த மரத்தடியிலிருந்து எழுந்து வந்தான் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை அளப்பார்கள். துரினில் இருந்தாலும் அர்ஜென்டினாவில் இருந்தாலும், ஒரு போஸ்கொலோவின் தாத்தாவைத் தோண்டினால் அவர் இந்த உப்புக் காற்றில்தான் வந்து நிற்பார்.

கிறிஸ்தவப் பெயர் வைப்பதிலும் எங்களுக்குச் சிக்கனம். ஊர்க் காவலர் புனித ஃபெலிச்சே, அதனால் வீட்டுக்கொரு ஃபெலிச்சே. தெருவில் நின்று "ஃபெலிச்சே போஸ்கொலோ" என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பும். எனவே எங்களுக்கு மூன்றாவதாக ஒரு பட்டப்பெயரும் உண்டு. மற்ற ஊர்களில் பட்டப்பெயர் முதுகுக்குப் பின்னால் சொல்வது. எங்களுக்கு அது அடையாள அட்டையிலேயே அச்சாகி வரும். ஒரு குடும்பம் போஸ்கொலோ சர்டேலா, அதாவது மத்தி மீன். நாங்கள் போஸ்கொலோ ஸ்ட்ராக்கோ. ஸ்ட்ராக்கோ என்றால் களைத்துப் போனவன்.

எந்தக் காலத்திலோ ஒரு முப்பாட்டன் தோட்டத்து வேலை முடிந்து ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனானாம். "நீ எந்தப் போஸ்கொலோ?" என்று பங்குச்சாமி கேட்டாராம். அவன் காதில் பாதிதான் விழுந்தது. "களைச்சுப் போய்க் கிடக்கேன் சாமி" என்றானாம். சாமி அதையே எழுதிக்கொண்டார். ஃபெலிச்சே என்றால் மகிழ்ச்சி. ஆக அப்பாவின் முழுப் பெயரைப் பிரித்துப் படித்தால் மகிழ்ச்சி, காடு, களைப்பு. ஊர் சும்மா விடுமா? "என்ன ஸ்ட்ராக்கோ, விடியறதுக்குள்ளயே களைப்பா?" என்று கேட்காதவன் கிடையாது. அப்பா அதற்கெல்லாம் கோபித்ததே இல்லை. பட்டப்பெயரை விட்டுவிட்டுக் கூப்பிட்டால்தான் கோபம் வரும். "வெறும் போஸ்கொலோன்னா அது ஊரோட பேரு. அப்ப நான் எங்க போனேன்?" என்பார்.

மறுநாள் காலை ரொட்டி வாங்கப் போனேன். மூன்று மணிக்குப் பூசை. கடைக்கார ஜெர்மானா ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா எப்படி இருக்காரு லொரெதானா? வலி கொஞ்சம் தேவலையா?"

"அவரு செத்துட்டாரு ஜெர்மானா. உங்க கடைச் சுவர்லயே ஒட்டியிருக்கே."

"அடக் கடவுளே! அது சர்டேலா வீட்டு ஃபெலிச்சே இல்லையா?" என்று அவள் வாயில் கை வைத்தாள். "நேத்து ஊரே பூவும் கையுமா அவர் வீட்டுக்குப் போயிருச்சு. நானும்தான் போனேன். கதவைத் தட்டினா அவரே வந்து திறக்கிறாரு, அரை டிராயரோட! எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அச்சாபீஸ்காரன் பண்ணின கூத்து, யாரும் சாகலன்னு பேசிக்கிட்டே வந்துட்டோம்."

வெளியே வந்து முதல் தடவையாக அந்தத் தாளை ஒழுங்காகப் படித்தேன். அச்சுக்குக் கொடுத்தது இவானோ. நான் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நின்றேன். படம் இருக்க வேண்டிய இடத்தில் மாதா. கீழே "ஃபெலிச்சே போஸ்கொலோ, வயது 84". அதற்குக் கீழே "பிள்ளைகளும் உற்றாரும்". என் பெயர் இல்லை, அவன் பெயரும் இல்லை. ஸ்ட்ராக்கோ இல்லவே இல்லை. அந்த சர்டேலாவுக்கும் ஏறக்குறைய அதே வயது, அதே பங்கு. எங்கள் அப்பா செத்ததை ஊர் ஒரு அச்சுப்பிழை என்று சிரித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து ரொட்டியை மேசைமேல் போட்டேன்.

"ஏன்டா பேரை விட்ட?"

இவானோவுக்கு உடனே புரிந்துவிட்டது. அவன் முகத்தில் அது தெரிந்தது. "மரியாதையா இருக்கட்டும்னுதான்க்கா. கடைசியா ஒரு தடவையாவது. செத்த மனுஷனைச் சுவரு சுவரா களைப்பு களைப்புன்னு ஒட்டணுமா?"

"யாரு கேட்டா உன் மரியாதையை?"

"உனக்கென்ன, நீ இந்த ஊரை விட்டே போகல. காலேஜ்ல பேரைக் கூப்பிட்டா வகுப்பே சிரிக்கும். முத இன்டர்வியூல அந்த ஆளு என்ன கேட்டான் தெரியுமா? 'மிஸ்டர் களைப்பு, ஓவர்டைம் பார்ப்பீங்களா?'ன்னான். அப்புறம் அந்தப் பேரை நானா எங்கயும் எழுதுறதில்ல. மிலான்ல நான் வெறும் போஸ்கொலோ. அங்க அது போதும்."

"இங்க போதாது. ஊர்ல இப்ப யாருமே சாகல. தெரியுமா உனக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். அவன் அச்சாபீசுக்குப் போன் போட்டான்; நாளைக்குத்தான் முடியும் என்றார்கள். நாளைக்கு எதற்கு, வைத்துக் கும்பிடவா? நன்றாகக் கத்தித் தீர்த்திருக்கலாம். கத்துவதற்கும் தெம்பு வேண்டுமே. அவன் பையிலிருந்து தடித்த கறுப்பு மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ரொட்டிக்கடைச் சுவரில் முதலில் எழுதினேன். போஸ்கொலோவுக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில், ஸ்ட்ராக்கோ. கீழே மாதாவின் காலடியில் "தோட்டக்காரர்" என்றும் எழுதினேன். பாலத்தடிச் சுவருக்குப் போனால் அங்கே ஒரு சிறு கூட்டம். நடுவில் சர்டேலா தாத்தா, தன் சாவுச் சுவரொட்டிக்கு முன்னால் நின்று போட்டோவுக்குப் போஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அவரை விலக்கிவிட்டுப் பேனா மூடியைத் திறந்தேன்.

"ஏய் பொண்ணே, என் சாவுல நீ என்ன எழுதற?"

"இது உங்க சாவு இல்ல மாமா. எங்க அப்பாவோடது."

அவர் நான் எழுதியதை எழுத்துக் கூட்டிப் படித்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தொப்பியைக் கழற்றினார்.

"ஸ்ட்ராக்கோவா? நம்ம ஃபெலிச்சேவா?" என்றார். "நேத்துலருந்து என்னைப் பத்தி எத்தனை நல்ல வார்த்தை சொன்னாங்க தெரியுமா? அப்பவே சந்தேகப்பட்டேன், எனக்கு எவன் சொல்லுவான் இத்தனைன்னு. அதெல்லாம் அவனுக்கு வர வேண்டியது." அவர் தொப்பியைக் கையில் திருகினார். "பூவெல்லாம் வீட்ல தொட்டித் தண்ணியில கிடக்கு பொண்ணே. வாடல."

கூட்டத்தில் இருந்தவர்கள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். நான் அடுத்த சுவருக்கு நடந்தேன். அதற்கடுத்த சுவருக்கும் நடந்தேன். ஊர் இவ்வளவு பெரியதா என்று இருந்தது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. அப்பாவைத் தூக்கித் தூக்கி அந்தத் தோள் எப்போதோ போய்விட்டது. கால்வாய்ப் படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. தோட்டத்துப் பக்கம் முழுக்க இன்னும் பாக்கி, பூசைக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது, என்னால் முடியாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வாய்விட்டு அழுதேன்.

இவானோ பின்னாலேயே வந்திருக்கிறான். என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டான். மெதுவாக என்னை எழுப்பித் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். அங்கே முதல் வீட்டுச் சுவரில் ஸ்ட்ராக்கோ என்று எழுதினான், கடன்காரன் கையெழுத்துப் போடுவதுபோலப் பொடி எழுத்தில்.

மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "தம்பி! யாரு செத்தது? எந்தப் போஸ்கொலோ?"

"ஸ்ட்ராக்கோ," என்றான், தன் சட்டைக்குச் சொல்வதுபோல.

"என்ன? சத்தமாச் சொல்லுய்யா! அதுக்குள்ள களைச்சுப் போயிட்டியா?"

அவனுக்கு எங்கே எரிந்ததோ தெரியாது. தலையை நிமிர்த்திக் கத்தினான். "ஸ்ட்ராக்கோ! ஃபெலிச்சே போஸ்கொலோ ஸ்ட்ராக்கோ! எங்கப்பா! மூணு மணிக்குப் பூசை!"

அந்தப் பெண் கையிலிருந்த துணியைக் கீழே விட்டாள். "ஐயோ, கீரைக்கார ஃபெலிச்சேவா?" என்று சொல்லி எதிர் ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். எதிர் ஜன்னல் பக்கத்து ஜன்னலுக்குக் கத்தியது. அந்தத் தெரு முழுக்க ஜன்னல்கள் திறக்கிற சத்தம் கேட்டது. எங்கேயோ உள்ளே, கண்ணுக்குத் தெரியாத சந்தில், ஒரு ஆண் குரல் "ஸ்ட்ராக்கோ போயிட்டான்" என்று தோட்டத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனது. இவானோ பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டான். அவன் கழுத்து வியர்த்திருந்தது.

மூன்று மணிக்குச் சவப்பெட்டியோடு கோயிலுக்குள் போனபோது முன்வரிசையில் சர்டேலா தாத்தா நின்றார். தன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு போலிருக்கிறது, பொத்தான் போட முடியவில்லை. அவர் பெயருக்கு வந்த பூக்களையெல்லாம் பீடத்தடியில் அடுக்கியிருந்தார். பின்னால் தோட்டக்காரர்கள். துணி மாற்ற நேரம் கிடைக்காமல் ரப்பர் பூட்சோடு வந்திருந்தார்கள். நடைபாதையெல்லாம் மண். கதவுக்கு வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். ஜெர்மானா கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தாள். அவ்வளவு பேரையும் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சாவு வீட்டில் சொல்லக் கூடாது, ஆனால் சந்தோஷம்தான்.

சாமி அப்பாவின் பெயரை முழுசாகச் சொல்லிப் பூசையைத் தொடங்கினார். நான் இவானோ பக்கத்தில் உட்கார்ந்தேன். பெஞ்சு கடினமாகத்தான் இருந்தது. முதல் வாசகம் காதில் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. அதற்குள் நான் தூங்கிப்போயிருக்கிறேன், தலை தம்பியின் தோளில் சாய்ந்து, எல்லோர் கண் முன்னாலும்.

எல்லோரும் எழுந்து நிற்கிற சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. யாரோ பின்னாலிருந்து என் முதுகைத் தொட்டார்கள். அப்போது ஒரு வயசாளி தோட்டக்காரியின் குரல், சன்னமாக:

"எழுப்பாதே. தூங்கட்டும் விடு. ஸ்ட்ராக்கோ பொண்ணு."

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெயரின் அர்த்தத்தை ஊர் கேலியில்லாமல் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. யாரென்று திரும்பிப் பார்க்க நினைத்தேன், கண்ணைத் திறக்க முடியவில்லை. அப்பாவின் பூசை முடியும்வரை நான் தூங்கினேன்.