மூன்றாவது மீட்டர்

ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்த நான்கு பேரும் வாசலைத் தேடி நின்றார்கள். வாசல் இருந்த இடத்தில் புதுச் சுவர் எழும்பியிருந்தது. அதன் இரு பக்கமும் பச்சைப் பெயிண்ட் அடித்த இரண்டு ஷட்டர்கள். முருகேஷ் ஓடிவந்து இடது பக்க ஷட்டரைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தான். அவனுடைய அப்பா மாதுவின் உடலைப் படுக்க வைக்கப்போகும் பெட்டி அந்த வழியாக உள்ளே போயிற்று.

மொரப்பூரிலிருந்து பஸ் மாறி அப்போதுதான் வந்து இறங்கிய அக்கா பூவிழி ஷட்டருக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். பிறந்த வீட்டுக்குள் எந்தப் பக்கமாக நுழைவது என்று தெரியவில்லை. அதியமான்கோட்டையில் ஹைவேயைப் பார்த்த வீடெல்லாம் ஒவ்வொன்றாகக் கடையாகிக்கொண்டிருந்தது அவள் அறியாததல்ல. "முன்னாடி சின்னதா ஒரு மெஸ் போடறேன்க்கா" என்று தம்பியும் போனில் சொல்லியிருந்தான். சின்ன மெஸ்ஸுக்கு எதற்கு இரண்டு ஷட்டர்?

அந்த முன்ரூம் அவளுக்கென்று அப்பா சொல்லியிருந்தார். புருஷன் விட்டுப்போனதிலிருந்து அவள் வாடகை வீட்டில் தைத்துப் பிழைக்கிறாள். அந்த வீட்டுக்காரரும் இந்த மாதத்தோடு காலி பண்ணச் சொல்லிவிட்டார். பொங்கலுக்குச் சீர் கொண்டுவந்த அப்பா, சுவரின் உச்சியிலிருந்த பிளக்கிலிருந்து தையல் மெஷினுக்குத் தொங்கிய வயரில் கால் தடுக்கி, வயரைக் கட்டினவனையும் வீட்டைக் கட்டினவனையும் சேர்த்துத் திட்டினார். திட்டி முடித்து, வேலையற்றவர் போல மெஷின் மோட்டாருக்கும் தரைக்கும் நடுவே சாண் போட்டுப் பார்த்தார். போகும்போது, "நம்மூட்டு முன்ரூம்ல வந்து தெச்சிக்க. யாரு கேக்கறாங்கன்னு பாக்கறேன்" என்றார். இப்போது முன்ரூமும் இல்லை, கேட்கிறவர்களைப் பார்த்துக்கொள்ள அவரும் இல்லை.

உள்ளே ஐஸ் பெட்டியின் வயர் பிளக்குக்கு எட்டவில்லை. பெட்டிக்காரர் எக்ஸ்டென்ஷன் கேட்டார். முருகேஷ் ஒரு நொடி அக்காவைப் பார்த்தான். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "பக்கத்து ரூமுக்குத் தூக்குங்க. அங்க கீழ ஒண்ணு இருக்குது" என்றான். திருடன் பார்க்கிற பார்வை என்று பூவிழி நினைத்தாள்.

அப்பாவின் முகத்தைப் பார்த்து அழுது ஓய்ந்து, காற்றுக்கு வெளியே வந்தபோதுதான் மீட்டர்கள் கண்ணில் பட்டன. பழசு வீட்டுக்கு. பக்கத்தில் கடைக்கான புது மீட்டர் ஒன்று. அது மெஸ்ஸுக்கு என்றே வைத்துக்கொள்ளலாம். அதற்கும் பக்கத்தில் இன்னொன்று, பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காமல். யாருக்கோ வாடகைக்குப் பேசி முடித்துவிட்டான்.

பக்கத்து வீட்டு மாதம்மாள் அருகே வந்து மூக்கைச் சிந்தினாள். "நாளு பூரா அந்தத் தூசியிலயே சேரு போட்டு உக்காந்திருந்தாரு பூவிழி. மூச்சிழுப்பு இருக்கற மனுசன், எந்திரிச்சு வாங்கன்னா வரவே மாட்டேன்னுட்டாரு."

வரமாட்டேன் என்றாரா, வரவிடவில்லையா? ஆளுக்குக் கூலி மிச்சம் என்று கிழவரைக் காவலுக்கு உட்கார வைத்திருப்பார்கள். சுவரை உடைத்த தூசியை விழுங்க வைத்தே அனுப்பிவிட்டார்கள். தம்பி பெண்டாட்டி கவிப்பிரியா காபி நீட்டினாள். கண்ணைப் பார்த்துக் கொடுக்கவில்லை. பூவிழி அதையும் மனதில் குறித்துக்கொண்டாள், காபியைத் தொடவில்லை.

பாடை கட்டுகிற இடத்தில் தம்பியை மடக்கினாள்.

"மூணாவது மீட்டரு யாருக்குடா?"

"அப்பாவ எடுத்துட்டு வந்து பேசிக்கலாங்க்கா."

"அட்வான்ஸ் வாங்கிட்டியா?"

அவன் குனிந்து மூங்கிலில் கயிற்றை இறுக்கினான். இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றிருந்தது அவளுக்கு.

சாயங்காலம் எடுத்தார்கள். இரண்டு ஷட்டர்களையும் உச்சி வரை தூக்கினார்கள். அப்பா ஹைவேயைப் பார்த்தபடி வெளியே போனார். ஆண்கள் சுடுகாட்டுக்குப் போக, பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள்.

பெட்டி இருந்த அறையைப் பூவிழி எடுத்துக்கொண்டாள். விளக்குமாற்றோடு குனிந்தபோது அந்த பிளக் எதிரே இருந்தது. முழங்காலுக்கும் கீழே, ஜன்னல் வெளிச்சம் விழுகிற சுவரில். இவ்வளவு கீழே யார் பிளக் வைப்பார்கள்? எந்தக் கடைக்கு? தரையிலிருந்து அவள் கை தானாகச் சாண் போட்டது. முதல் சாண் முடிந்து அடுத்ததற்கு விரல் நகரும்போதே தெரிந்துவிட்டது, பொங்கலுக்கு வந்த அப்பா மெஷினடியில் அளந்த அதே உயரம். அவள் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பி, விளக்கைப் பார்த்துவிட்டு வந்த முருகேஷ் ஷட்டருக்கு வெளியே நின்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உனக்குத்தான்க்கா அந்த மீட்டரு. தையக்கடைக்கு. வேலை முடிஞ்சப்புறம் கூட்டியாந்து காட்டலாம், அதுவரைக்கும் மூச்சு வுடாதன்னாரு அப்பா."

"காலையில கேட்டப்பவாச்சும் சொல்லியிருக்கலாமில்ல."

ஹைவேயில் ஒரு லாரி போய் முடிந்தது.

"எலக்ட்ரீசியன் பிளக்க மேல வெச்சிட்டாரு. அப்பா ஒத்துக்கல. பூசின செவுத்த மறுபடி வெட்ட வெச்சாரு. கட்டிங் மிஷினு போட்டு வெட்டறப்ப கிட்டயே குந்திக்கினு, இங்க, இன்னும் கீழன்னு கைய வெச்சுக் காட்டினாரு. அன்னிக்கு ராத்திரிதான் இழுப்பு வந்துது." துண்டால் முகத்தைத் துடைத்தான். "இத எப்படிக்கா உங்கிட்ட சொல்றது?"

பூவிழி தலை நிமிரவில்லை. காலையிலிருந்து அந்தத் தூசியை யார் தலையில் கொட்டுவது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதம்மாள் வாளித் தண்ணீரோடு வந்தாள். வழக்கப்படி சுவரோடு சேர்த்து வீசக் கையை ஓங்கினாள். பூவிழி சட்டென்று குறுக்கே கையை நீட்டினாள்.

"அந்தச் செவுத்துக்கு வேணாம் அத்த. கரண்டு இருக்குது."

மாதம்மாள் வாளியை இறக்கி வைத்தாள். பிளக்கின் மேல்விளிம்பில் வெள்ளைத் தூசி மெல்லப் படிந்திருந்தது. பூவிழி அதைத் தொடாமல், கீழே தரையை மட்டும் துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.