மூன்றாவது சுற்று

பழைய கோயில் ஒன்று இருக்கிறதென்று கேள்விப்பட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. சிவன் கோயிலோ கிறிஸ்தவர்களின் வேதக்கோயிலோ, போய்ப் பார்த்தே ஆகவேண்டும். உண்மையைச் சொன்னால் வேதக்கோயில்களில் எனக்குப் பைத்தியம் ஒரு பிடி அதிகம். கட்டட வரைபடம் கீறிப் பிழைத்தவன் நான். சுவரைக் கண்டால் அதன் தடிப்பைப் பார்ப்பேன், கூரையைக் கண்டால் அதை எது தாங்குகிறது என்று தேடுவேன். கும்பிடுவதெல்லாம் என் மனைவி அன்னலட்சுமியின் பொறுப்பு. "கோயிலுக்குப் போய் முகட்டைப் பாத்துக்கொண்டு நிக்கிற ஒரே மனுசன் என்ரை மனுசன்தான்" என்று அவள் எங்கள் ஊர் பாலையூற்று முழுவதும் சொல்லிவைத்திருந்தாள்.

சமாதானப் பேச்சுவார்த்தை நடந்த காலம் அது. சண்டை முடிந்துவிட்டதென்று யாரும் நம்பவில்லை. ஆனால் பாதைகள் திறந்திருந்தன. திரும்ப மூடுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். மடு மாதா கோயிலுக்குப் போனேன். மன்னார்த் தீவில் வெயிலோடு வெயிலாகக் கோயில் கோயிலாக ஏறி இறங்கினேன். கடைசியில் மிஞ்சியது, கண்ணுக்கு முன்னால் இருந்தும் இத்தனை வருடமாகப் போக முடியாமல் கிடந்த துறைமாதா கோயில்தான்.

உட்துறைமுகத்துக்கு அக்கரையில் ஒரு குன்று. அதன் உச்சியில் சின்னதாய் ஒரு வெள்ளைக் கோயில். இளவயதில் ஒருதரம் போயிருக்கிறேன். பிறகு குன்றைச் சுற்றிக் கடற்படை வந்து இருந்துவிட்டது. இப்போது பங்குச் சுவாமிக்கு மாதத்தில் ஒரு நாள் கதவைத் திறந்து பூசை வைக்க அனுமதி கிடைத்திருந்தது. முன்கூட்டிப் பெயர் கொடுத்தால் பார்க்க வருபவர்களும் போகலாம்.

நான் பெயர் கொடுக்கப் புறப்பட்டபோது, "என்ரை பேரையும் சேத்துக் குடுங்கோ" என்றாள் அன்னம்.

அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஒரே மகள் குணேஸ்வரிக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போய்விட்டன. மூன்றாவது தரம் இப்போது ஏழாம் மாதம். கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் நாங்கள் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டோம். அந்த நாட்களில் பேச்சுவாக்கில் துறைமாதாவின் மரச் சுரூபத்தைப் பற்றி அன்னத்துக்குச் சொன்னேன். மற்ற இடங்களில் மாதா பிள்ளையை ஒரு கையில் தூக்கி வைத்திருப்பாள். இவள் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருப்பாள், ஆடுகிற கப்பலில் நிற்கிற தாயைப் போல. எனக்கு அது மரவேலை. அன்னத்துக்கு அது வேறு. "ரெண்டு கையாலையுமோ?" என்று கேட்டாள். உடனே எழுந்துபோய்க் கைகால் கழுவி, சாமியறையில் நின்று, அந்தத் தாயை மூன்று தரம் வலம் வந்து கும்பிடுவதாக நேர்ந்துகொண்டாள். அங்கே படத்தில் இருந்த பிள்ளையார் என்ன நினைத்தாரோ தெரியாது.

கிண்ணியா ஆதம்பாவாவின் வள்ளத்தில் போனோம். ஆதம்பாவா துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரிந்த மனிதர். சிங்களமும் தமிழும் ஒரே மூச்சில் பேசுவார். "ஐயா, மலையைப் பாத்து எழும்பி நிக்காதீங்க. கோயில் ஓடிப்போகாது, வள்ளம் கவிண்டுபோகும்" என்று இரண்டு தரம் என்னை உட்காரவைத்தார். ஒரு பக்கம் சீனன்குடாவின் பெரிய இரும்பு எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் தலைகாட்டின. மறுபக்கம் போர்க்கப்பல்கள் நின்றன. நடுவில் தண்ணீர் பச்சையும் நீலமுமாய் அசையாமல் கிடந்தது. இப்படி ஒரு துறைமுகத்தை வைத்துக்கொண்டு சண்டை பிடிக்க மனிதருக்கு எப்படி மனம் வருகிறதோ என்று எனக்குக் கோபம் வந்தது. அன்னம் எதையும் பார்க்கவில்லை. குன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரையில் நின்ற நேவிக்காரன் எங்கள் அடையாள அட்டைகளைப் பார்த்து, பையைக் கிளறி, மேலே போகச் சொன்னான். ஆதம்பாவாவும் வள்ளத்தைக் கட்டிவிட்டு எங்களோடு ஏறினார். படியின் இரு பக்கமும் முட்கம்பி. பூசைக்கு வந்த சனம் எங்களுக்கு எதிரே இறங்கி வந்துகொண்டிருந்தது. உச்சியில் பங்குச் சுவாமி ஞானசேகரம் மட்டும் எங்களுக்காகக் கதவைப் பூட்டாமல் காத்திருந்தார். வயதானவர், மெலிந்தவர். ஆனால் கோயிலைப் பற்றிக் கேட்டால் போதும், வாய் ஓயாதவர். எனக்கு ஏற்ற ஆள்.

கோயிலைப் பார்த்ததும் நான் உலகத்தை மறந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய சுவர். இரண்டு முழத்துக்குக் குறையாத தடிப்பு. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே மண்பானைத் தண்ணீர் போலக் குளிர்ச்சி. முதிரை மர உத்தரங்களில் ஒன்றுகூட உளுத்துப்போகவில்லை. பீலி ஓட்டுக் கூரை சண்டைக்காலம் முழுவதும் ஷெல் அதிர்ச்சியைத் தாங்கி நின்றிருக்கிறது. இரு பக்கமும் வரிசையாக உயர்ந்த சன்னல்கள். பின்சுவரோடு ஒட்டினாற்போல் பீடம். பீடத்தின் உச்சியில் அவள்.

நான் நினைவில் வைத்திருந்ததைவிடச் சிறியவள், ஆனால் நினைவில் இருந்ததைவிட அழகானவள். நிறம் பல இடங்களில் உரிந்திருந்தது. பிள்ளையின் முதுகில் பதிந்த அந்த இரண்டு கைகளில் மட்டும் செதுக்கியவன் தன் உயிரை வைத்திருந்தான். விரல்கள் அழுத்திய இடத்தில் பிள்ளையின் சதை கொஞ்சம் உள்ளே அமுங்கியிருந்தது. மரத்தில் இதைச் செய்தவனை எழுந்து நின்று கும்பிடலாம். "என்ன கை சுவாமி இது!" என்றேன். சுவாமி தானே செதுக்கியவர் போல மகிழ்ந்துபோனார்.

அன்னம் உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வாசலிலேயே நின்று கும்பிட்டாள். பிறகு இடதுபக்கச் சன்னல்களில் ஒன்றன்பின் ஒன்றாக அவளுடைய மஞ்சள் சேலை நகர்ந்து போவது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் வலதுபக்கச் சன்னல்களில் திரும்பி வந்தது. நேர்த்தி தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நான் பீடத்தின் வளைவைப் பற்றிக் கேள்வி கேட்டேன். சேலை மறுபடியும் இடதுபக்கம் போனது.

"அம்மா எங்கை? உள்ளுக்கு வரேல்லையோ?" என்று சுவாமி கேட்டார்.

"அவ கோயிலைச் சுத்துறா சுவாமி. நேர்த்திக்கடன். இப்ப ரெண்டாவது சுத்து" என்றேன்.

சுவாமி என்னை ஒரு கணம் விளங்காதவர் போலப் பார்த்தார். பிறகு வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். "பின்னுக்கு முழுக்க மிதிவெடி!" என்றார் ஓடியபடியே.

குன்றின் பின்பக்கத்தால் யாரும் ஏறி வரக்கூடாதென்று சண்டை மும்முரமாக நடந்தபோது கடற்படை புதைத்தது. எச்சரிக்கைப் பலகையும் கம்பியும் போன மாரி மழையில் சரிந்து புல்லுக்குள் போய்விட்டன. பூசைக்கு வருகிற வேதக்காரர் வாசலால் வந்து வாசலால் போகிறவர்கள். கோயிலைச் சுற்றுகிற பழக்கம் எங்களுக்குத்தான். அதனால் பின்பக்கம் போகவேண்டாம் என்று சொல்லிவைக்க எவருக்குமே தோன்றவில்லை.

நான் "அன்னம்!" என்று கத்த வாயைத் திறந்தேன். சுவாமி என் வாயைக் கையால் பொத்தினார்.

"கத்தாதேங்கோ. கத்தினா திடுக்கிட்டு விலகிடுவா. முதல் சுத்திலை வந்த வழியாலையே வரட்டும்."

கோயிலின் முன்பக்கத்து வலது மூலையில் நாங்கள் நின்றோம். ஆதம்பாவா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஓதினார். கீழே இருந்த நேவிக்காரன் எங்களைக் கண்டு மேலே ஓடி வந்தான். விஷயம் விளங்கியதும் அவனும் கல்லாய் நின்றான். பின்சுவர் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். சின்னக் கோயிலென்றாலும் நல்ல அகலம் என்று சற்று முன்னர்தான் மெச்சியிருந்தேன். அந்த அகலத்தைக் கட்டியவனை இப்போது மனதார வைதேன். வாழ்நாளில் நான் அப்படிப் பயந்ததில்லை.

பின்மூலையில் மஞ்சள் சேலை தெரிந்தது. கண்களைப் பாதி மூடிக்கொண்டு, வாய் முணுமுணுக்க, வெறுங்காலோடு அவள் வந்துகொண்டிருந்தாள். முன்பக்கத்து மணல் முற்றத்தில் கால் வைத்ததும் நான் பாய்ந்து அவள் கையைப் பிடித்தேன்.

"விடுங்கோ. இன்னும் ஒரு சுத்து இருக்கு" என்றாள்.

சுவாமி மெதுவாக விஷயத்தைச் சொன்னார். அவள் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது. ஆனால் அவள் சொன்னது எங்களில் ஒருவரும் எதிர்பாராதது.

"ரெண்டு தரம் போய் வந்திட்டன்தானே. அவதானே காப்பாத்தினவ. அதே அடியிலை காலை வைச்சு மற்றதையும் போயிட்டு வாறன்."

"உமக்கென்ன விசரே?" என்று நான் கத்தினேன். "பிள்ளை வீட்டிலை படுத்திருக்கு. நீர் இஞ்சை வெடிச்சுச் சாகப்போறீரோ?"

அன்னம் என்னோடு கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "முதல் சுத்து மூத்ததுக்கு. ரெண்டாஞ் சுத்து அடுத்ததுக்கு. போன பிள்ளையள் ரெண்டுக்கும் சுத்தி முடிச்சிட்டன். இனி இருக்கிறதுக்குத்தான். இதை மட்டும் நடுவிலை விட்டிட்டு வரவோ? சொல்லுங்கோ, விட்டிட்டு வரவோ?"

அவள் ஒவ்வொரு சுற்றையும் யாருக்காகச் சுற்றினாள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நான் அந்த நேரம் பீடத்தின் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

அவள் கையை உதறிக்கொண்டு நடந்தாள். நேவிக்காரன் ஓடிப்போய்க் குறுக்கே கைகளை விரித்து நின்றான். "அம்மா, எப்பா. அம்மா, எப்பா" என்றான். வேண்டாம் என்பதற்கு அவனுக்குச் சிங்களம்தான் வந்தது, தமிழ் வரவில்லை. ஆதம்பாவா, "அவன் விடமாட்டானாம் அம்மா. நீங்க போனா தானும் பின்னால வருவனெண்டு சொல்றான்" என்றார்.

"உள்ளுக்குச் சுத்துங்கோ, அம்மா" என்றார் சுவாமி.

"பீடம் சுவரோடை ஒட்டியல்லோ இருக்கு, சுவாமி. அவவைச் சுத்த ஏலாதே." சொல்லிவிட்டு அன்னம் மணலில் குந்தியிருந்து அழத் தொடங்கினாள். மகளுக்கு முன்னால் இத்தனை மாதமாக அழாமல் வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது.

சுவாமி கோயிலுக்குள் போனார். பீடத்துக்கருகே கதிரையை இழுக்கிற சத்தம் கேட்டது. "ஆரும் ஒருக்கா வாங்கோ, பாரமாக் கிடக்கு" என்று கூப்பிட்டார். நான் போனேன். அவர் கதிரையில் ஏறி நின்று மாதாவின் இடுப்பைப் பிடித்திருந்தார்.

"முந்தித் திருநாளுக்குச் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுத்தி வாறனாங்கள். வெடி புதைச்ச பிறகு இவ இறங்கினதேயில்லை" என்றார். "அம்மா இவவைச் சுத்த ஏலாது. சரி. இவ அம்மாவைச் சுத்தட்டும்."

இத்தனை கோயில் பார்த்தவன் நான். ஆனால் எந்தக் கோயிலிலும் இதைப் போல் ஒன்றைக் கண்டதில்லை. எனக்கு அந்தக் கிழவரின் காலில் விழவேண்டும் போலிருந்தது. விழுந்தால் சுரூபமும் விழும் என்பதால் விழவில்லை.

அன்னத்தை முற்றத்தின் நடுவில் நிற்கவைத்தோம். முன்னுக்குச் சுவாமி, பின்னுக்கு நான், இடையில் மாதா. ஆதம்பாவா மெழுகுதிரியைக் கொளுத்தி, காற்றுக்கு உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு முன்னால் நின்றார். சுவாமி முதல் அடி எடுத்து வைத்தார்.

"வலமாய், சுவாமி" என்றாள் அன்னம், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

சுவாமி மறுபேச்சில்லாமல் திரும்பினார். மாதாவும் நாங்களும் வலமாய்ப் புறப்பட்டோம். சுவாமி மன்றாட்டுமாலையைத் தொடங்கி, பதிலுக்காக நிறுத்தினார். சைவக்காரர் இருவர், முஸ்லிம் ஒருவர். யாருக்கும் பதில் தெரியவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் சிங்களத்தில் பதில் சொன்னது. நேவிக்காரன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான். அதன்பிறகு சுவாமி தமிழில் சொன்னார். அவன் சிங்களத்தில் சொன்னான்.

அன்னத்தின் முதுகுப்பக்கம் வந்தபோது அவள் குதிக்கால்களைப் பார்த்தேன். பின்பக்கத்துச் சிவப்பு மண்ணும் புல்லும் அவற்றில் ஒட்டியிருந்தன. சுரூபத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சுற்று முடிந்து அவளுக்கு எதிரே வந்து நின்றோம். அன்னம் கிட்ட வந்தாள். மாதாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. நிறம் உரிந்திருந்த அந்தப் பிள்ளையின் சின்னப் பாதத்தைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தாள்.

"இனி நீ வா, அப்பு" என்றாள். "ஆறுதலா வா. அம்மம்மா சுத்தி முடிச்சிட்டன்."