ஒரு நாய்க்கு நாலு பெயர்

மாஸ்டர் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய வலது கால் செருப்பு கூடத்தைக் கடந்து போனது. நாயின் வாயில்தான் போனது. வாய் நிறைய நுரையோடு "டேய்" என்று அதட்டினார். "ராக்கி, ட்ராப்" என்றாள் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள். "கண்ணு, இங்க வாடா" என்று சமையலறையிலிருந்து மனைவி கூப்பிட்டாள். வேலை தேடுவதாகச் சொல்லி வந்து கூடத்து மூலையில் குடியேறியிருந்த மனைவியின் தம்பி, போர்வைக்குள்ளிருந்தே "டைகர், விடாத, பிடி" என்று ஏற்றிவிட்டான். நாய் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்துத் திருதிருவென்று விழித்தது. பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று செருப்பை இன்னும் கொஞ்சம் அழுத்திக் கடித்தது.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஸ்டியரிங்கைத் தொட்டாலே வியர்த்துப்போகிறவர்களையெல்லாம் லைசன்ஸ் வாங்க வைத்தவர். பயிற்சிக் காரில் அவருடைய காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் எவ்வளவு சொதப்பினாலும் தன் காலால் நிறுத்திவிடலாம். அந்தத் தைரியத்திலேயே இத்தனை வருடம் ஓட்டிவிட்ட மனிதருக்கு, வீட்டுக்குள் ஓடும் இந்த ஒன்றை எதை மிதித்து நிறுத்துவது என்று தெரியவில்லை. அதட்டினால் வாலை ஆட்டியது. கொஞ்சினால் கடிக்க வந்தது. யோசித்து யோசித்து அவருக்கு மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

அதை வாங்கிய கதையே தனி. கடையில் ஏழெட்டுக் குட்டிகள் இருந்தன. மூலையில் சாதுவாக ஒன்று தூங்கிக்கொண்டிருக்க, கூண்டுக் கம்பியில் ஏறி இறங்கிக் கூத்தடித்த இதைத்தான் மகள் காட்டினாள். ஒரு காது மட்டும் மடங்கியிருந்த அழகில் எல்லாரும் விழுந்துவிட்டார்கள். ஆடு மேய்க்கிற இனம், மகா கெட்டிக்கார ஜாதி என்று கடைக்காரர் சொன்னார். கெட்டிக்காரன் என்றதும் மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். தினமும் எவ்வளவு தூரம் ஓட வேண்டும், பகலில் வீட்டில் யார் கூட இருப்பது என்று அவரும் கேட்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. பொழுதெல்லாம் மந்தைக்குப் பின்னால் ஓடப் பிறந்த உயிரை இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆடு கிடைக்காததால் அது வீட்டு மனிதர்களை மேய்த்தது.

வளர்ப்பு முறையும் ஆளுக்கு ஒன்று. மகள் கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பிஸ்கட்டும் ஆங்கிலமுமாகப் பழக்கினாள். அவள் கிளம்பியதும் மனைவி தன் தட்டிலிருந்தே ஊட்டினாள். சாயங்காலம் தட்டைத் தேடி வந்த நாயை மாஸ்டர் நாளிதழைச் சுருட்டி விரட்டினார். மச்சானோ கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கடிக்கப் பழக்கினான். சோபாவில் ஏறுவது காலையில் சரி, மாலையில் குற்றம். கதவு மணி அடித்ததும் குரைத்தால் ஒருவர் தட்டிக்கொடுத்தார், ஒருவர் அடித்தார். நாய் என்னதான் செய்யும்? இந்த வீட்டில் சட்டம் மணிக்கொரு தரம் மாறுகிறது என்பதை மட்டும் அது புரிந்துகொண்டது.

மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் பார்சல் கொண்டுவந்த ஆள் மணியை அடித்தார். மனைவி கதவைத் திறந்த இடுக்கில் நாய் பாய்ந்தது. "ஸ்டே" என்றாள் மகள். "வாடா கண்ணு" என்றாள் மனைவி. "டேய், டேய்" என்று மாஸ்டர் கத்தினார். மச்சான் விளையாட்டாகத்தான் சொன்னான், "பிடி" என்று. நாய் அந்த ஆளின் மார்பில் இரண்டு கால்களையும் வைத்துத் தாவியது. அவர் பின்னுக்குச் சாய்ந்து படிகளில் உருண்டார். பல் படவில்லை. ஆனால் மணிக்கட்டு எலும்பில் விரிசல் விழுந்து கட்டுப் போட வேண்டியதாயிற்று. வண்டி ஓட்டிப் பிழைக்கிற கை அது.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் மேலே வந்து, சத்தம்கூடப் போடாமல் சொல்லிவிட்டுப் போனார்.

"நாய் இருக்கட்டும், இல்ல நீங்க இருங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிவு பண்ணிச் சொல்லுங்க."

வழி சொன்னவன் மச்சான்தான். ஊருக்கு வெளியே புறவழிச்சாலையில் லாரிகள் நிற்கிற இடத்தில் இறக்கிவிட்டால் போதுமாம். சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லாத இடமாம், கெட்டிக்கார நாய் பிழைத்துக்கொள்ளுமாம். மகளிடம் நண்பர் ஒருவரின் தோட்டத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். அவள் நம்பாமல் நம்பினாள். மனைவி துடைத்த மேடையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். இது சரியா தப்பா என்று மாஸ்டருக்கே பிடிபடவில்லை. ஆனால் சனிக்கிழமை காலை நாயைப் பயிற்சிக் காரின் பின் சீட்டில் ஏற்றினார்.

அன்றைக்குப் புறவழிச்சாலைப் பக்கம் ஓட்டிப் பழக வேண்டியவர் பேக்கரிக்கார அம்மா. தனியாகப் பேக்கரி நடத்துகிறவர், நிதானமான கை. ஆனால் அன்று கணவரும் கூடவே வந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டார். பக்கத்தில் நாயைப் பார்த்துவிட்டு அது எதற்கு என்று கேட்டார். டாக்டரிடம் காட்டப்போகிறேன் என்று மாஸ்டர் கூசாமல் சொன்னார். சொன்ன பிறகு கூசியது.

கார் கிளம்பியதிலிருந்து பின் சீட்டு வாய் மூடவில்லை. கியரை மாற்று, ஹாரன் அடி, ஓரமாகப் போ என்று கணவர் வாயாலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். முன் சீட்டில் மாஸ்டர் வேறொன்று சொன்னார். நாற்சந்தியில் நுழையும்போது இடப்பக்கமிருந்து ஒரு வேன் வந்தது. "போ, போ, போயிடு" என்றது பின் சீட்டு. "பிரேக்" என்றார் மாஸ்டர். அந்த அம்மாவின் கால் தடுமாறி ஆக்ஸிலேட்டரை மிதித்தது. மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கை உதைத்தார். கார் குலுங்கி நாற்சந்தியின் நடுவில் அணைந்து நின்றது. வேன்காரர் திட்டிக்கொண்டே சுற்றிப் போனார்.

"உனக்கு மூளை இருக்கா? போன்னு சொன்னேன்ல?" என்றார் கணவர்.

அந்த அம்மா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கணவர் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஓட்டத் தெரியாம இல்லைங்க. நீங்க போங்கறீங்க, இவர் நில்லுங்கறார். நான் எதைக் கேக்கறது? ரெண்டு பேரும் சேர்ந்து குழப்பிட்டு, கடைசில முட்டாள்ங்கற பேரு மட்டும் எனக்கா?"

மாஸ்டர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். இத்தனை கூச்சலில் நாய் சீட்டோடு சீட்டாகப் பதுங்கியிருந்தது. மடங்கிய காதோடு அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, இப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதுபோல. காரில் ஒரு குரல்தான் கேட்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற மனிதர், வீட்டில் அந்தக் குட்டியின் பின்னால் நாலு பேரை உட்கார வைத்திருந்தார்.

அவர் முதலில் கணவரை இறங்கி ஆட்டோ பிடித்துப் போகச் சொன்னார். அடுத்து அந்த அம்மாவை நிதானமாக ஓட்டச் சொல்லிவிட்டு, தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசாமல் வந்தார். லாரிகள் நிற்கிற இடம் வந்தது. அங்கே டயர்களுக்கு நடுவே இரண்டு நாய்கள் படுத்திருந்தன. ஒன்றின் கழுத்தில் இன்னும் பழைய பட்டை இருந்தது, விலா எலும்பை எண்ணிவிடலாம். அதுவும் யாரோ பிழைத்துக்கொள்ளும் என்று நம்பி விட்டுப்போனதுதான். அவர் காரை நிறுத்தச் சொல்லாமல் ஊருக்கே திருப்பச் சொன்னார்.

திரும்பி வந்த நாயைப் பார்த்ததும் மனைவி சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். மச்சான்தான் தலையைச் சொறிந்தான்.

"என்ன மாமா, திரும்பக் கொண்டாந்துட்டீங்க? வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்றது?"

அன்று மாலையே மாஸ்டர் கீழே போய் நின்று, இந்த மாசம் முடிகிற வரை பொறுங்கள் என்று கேட்டார். வீட்டுக்காரர் நெடுநேரம் மோவாயைத் தடவிவிட்டு, மறுபடி யாராவது விழுந்தால் அன்றே காலி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் ஒத்துக்கொண்டார். பார்சல் ஆளின் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டு, கை தேறும்வரை செலவு தன்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தார். பிறகு குடும்பத்தை உட்கார வைத்தார். விடியற்காலையில் மச்சான் அதை மைதானத்துக்குக் கூட்டிப்போய் அலுக்கும்வரை ஓடவிட வேண்டும். சாப்பாடு அதன் கிண்ணத்தில் மட்டும். ஒரு செயலுக்கு ஒரே சொல், அதை எல்லாரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். சொன்னதைச் செய்த அந்த நொடியிலேயே தட்டிக்கொடுக்க வேண்டும், அடி கிடையாது. பெயர் விஷயத்தில்தான் பெரிய சண்டை. கடைசியில் கண்ணு என்று முடிவாயிற்று. நடுத்தெருவில் நின்றுகொண்டு ஒரு நாயைக் கண்ணு என்று கூப்பிட வேண்டிய தலையெழுத்தை எண்ணி மச்சான் நொந்துகொண்டான்.

மாதக் கடைசியில் கதவு மணி அடித்தது. கட்டுப் பிரித்த கையோடு அதே பார்சல் ஆள். நாய் எழுந்தது. வழக்கம்போல நாலு வாய்கள் திறந்தன. மூன்று மூடிக்கொண்டன.

"கண்ணு, உட்காரு" என்றார் மாஸ்டர், மெதுவாக.

நாய் அவரைப் பார்த்தது. பழைய நினைப்பில் மற்ற மூன்று பேரையும் பார்த்தது. ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. அது உடம்பெல்லாம் துடிக்கத் துடிக்க உட்கார்ந்தது. பார்சல் ஆள் இரண்டு படி கீழேயே நின்று கையை நீட்டிக் கொடுத்துவிட்டு, நம்ப முடியாமல் அதைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

"பரவால்ல மாமா, நாய் திருந்திடுச்சு" என்றான் மச்சான்.

மாஸ்டர் குனிந்து அதன் மடங்கிய காதைத் தடவினார்.

"அது எங்கடா தப்புப் பண்ணுச்சு, திருந்தறதுக்கு? அழகா இருக்குன்னு தூக்கிட்டு வந்தோம், நம்ம வீட்டுக்கு ஒத்துவருமான்னு யோசிக்கல. ஆளுக்கொண்ணு சொல்லி அதைக் குழப்பிட்டு, அப்புறம் ரோட்டுல விடப் பார்த்தோம். நாய் வளர்க்கணும்னா முதல்ல வீட்ல இருக்கறவங்க ஒரே பேச்சா இருக்கப் பழகணும். அது முடியாதுன்னா வாங்கவே கூடாது."