பனங்கொட்டை அடைப்பு

ஆவணி மாதத்தில் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு மாடு எச்சில் வடித்துக்கொண்டு நின்றால் யாரும் டாக்டரைத் தேடி ஓடுவதில்லை. சட்டையைச் சுருட்டிக்கொண்டு அதன் தொண்டைக்குள் கையை விட்டுவிடுவார்கள். பனைமரத்தடியில் விழுந்து கிடக்கும் பழத்தை மாடு சப்பித் தின்னும், கொட்டை தொண்டையில் மாட்டிக்கொள்ளும், கையை விட்டுப் பிடுங்கினால் சோலி முடிந்தது. அந்தச் சீமையில் பிறந்த எல்லோருக்கும் இந்த வைத்தியம் தெரியும். வேறு எதற்கும் மாடு எச்சில் வடிக்கும் என்பதுதான் யாருக்கும் தோன்றாது.

தறிக்காரர் திம்மையாவின் சினைப்பசு அப்படி வடித்துக்கொண்டு நின்றது. தெருக்காரர்கள் விட்ட கைக்குக் கொட்டை சிக்கவில்லை. அதற்கப்புறம்தான் மாட்டாஸ்பத்திரிக்கு ஆள் போனது. செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டர் சங்கரலிங்கம் வந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை. மதுரைக்கு மாற்றல் வரப்போகிறது என்று ஆறு மாதமாகக் காத்திருந்தவர், அதனால் இந்த ஊர்ப் புழுதியே தன்மேல் ஒட்டக்கூடாது என்பது போல நடப்பார். கூடவே பையைத் தூக்கிக்கொண்டு செல்லத்துரை. மாட்டைப் பிடிப்பது, கட்டுப்போடுவது, சாணி அள்ளுவது என்று பன்னிரண்டு வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் உழைக்கிறவன்.

எச்சில் வடிக்கும் மாட்டின் வாயை டாக்டரே பார்க்க வேண்டும், பார்க்குமுன் நாய் கடித்ததுண்டா என்று கேட்க வேண்டும், பதிலை நோட்டில் எழுத வேண்டும். இது சர்க்கார் உத்தரவு. ஆஸ்பத்திரிச் சுவரில் பசை தடவி அதை ஒட்டியவனே செல்லத்துரைதான்.

"அய்யா, நாய் எதுவும் கடிச்சுச்சான்னு கேட்டுக்கிருவமா?" என்றான் மெதுவாக.

"இங்க டாக்டரு நீயா, நானாலே? கைய விடு."

விட்டான். தோள் வரைக்கும் விட்டுத் துழாவினான். கொட்டையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கையை உருவும்போது கடைவாய்ப் பல் கிழித்து, முழங்கைக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு ரத்தம் கோடு போட்டது. டாக்டர் வாசல் நிழலில் நின்றபடியே 'பனங்கொட்டை அடைப்பு, உள்ளே இறங்கிவிட்டது' என்று நோட்டில் எழுதினார், நல்லெண்ணெய் ஊற்றச் சொன்னார், போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் திம்மையாவின் பெண்சாதி கங்கம்மாள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். டாக்டர் இன்னும் வரவில்லை.

"மாடு நிக்காமக் கத்துது தொரை. தொண்டை கம்மிப் போயி, அது கத்துற மாதிரியே இல்ல. செவத்தப் போட்டு முட்டுது. பின்னங்காலு ரெண்டும் மடங்குது."

செல்லத்துரை வாசலுக்கு இறங்கி வந்தான். "எம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. நாய் எதுவும் கடிச்சுச்சா?"

"ஒண்ணரை மாசம் இருக்கும். ஓடுகாலி நாய் ஒண்ணு மூக்குல கடிச்சுச்சு. கம்பியப் பழுக்கக் காச்சிச் சுட்டோம், புண்ணு ஆறிப்போச்சு. நேத்து டாக்டரு கேட்டிருந்தா சொல்லியிருப்போமே. அவுக கேக்கலயே!"

அவள் போன பிறகு செல்லத்துரை தன் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பக்கத்து ஊரான மல்லாங்கிணற்றில் ஒருவன் வெறிநாய்க் கடியில் செத்ததை அவன் கண்ணால் கண்டிருக்கிறான். தண்ணீர்ச் செம்பைக் காட்டினாலே அலறுவான். பெற்ற தாய் கிட்டே போக முடியவில்லை, கட்டிலோடு கட்டித்தான் வைத்திருந்தார்கள். அப்படியொரு சாவு தனக்கா? மதுரைப் பெரியாஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டால் தப்பலாம். ஆனால் யுத்தக் காலம், பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸே கரியில்தான் ஓடியது, மருந்துக்கும் தட்டுப்பாடு. கடித்தது வெறிபிடித்த மிருகம் என்று மாட்டு டாக்டரே கைப்பட எழுதிக் கொடுத்தால் ஒழிய அங்கே ஊசியைத் தொட மாட்டார்கள்.

டாக்டர் வந்ததும் விஷயத்தைச் சொல்லிக் கடிதம் கேட்டான்.

"கீறல் பட்டவனையெல்லாம் மதுரைக்கு அனுப்ப இது என்ன சத்திரமா? பனங்கொட்டைன்னு நோட்டுல எழுதியாச்சு. எழுதுனது எழுதுனதுதான்."

"அய்யா, நாய் கடிச்சது நெசம். அந்தம்மா சொல்லுது. என் உசுருங்கய்யா."

சங்கரலிங்கத்துக்கு விஷயம் புரியாமல் இல்லை. நன்றாகப் புரிந்தது. வெறி என்று எழுதினால் மேலே இருந்து கேள்வி வரும்: நாய் கடித்ததா என்று கேட்டீரா, வாயை நீர் பார்த்தீரா? மதுரை மாற்றல் அதோடு சரி. ஒரு மாற்றலுக்கும் ஒரு மனிதன் உயிருக்கும் தராசு பிடித்து, மாற்றல் பக்கம் சாய்ந்துவிட்டார் அந்தப் புண்ணியவான்.

"வெளிய வாயத் தொறந்தே, உத்தரவில்லாம நீயாப் போயி மாட்டு வாயில கைய விட்டேன்னு எழுதி வேலையக் காலி பண்ணிருவேன். போடா, தொழுவத்தக் கூட்டு."

செல்லத்துரை விளக்குமாற்றை எடுக்கவில்லை. நேரே திம்மையா வீட்டுக்கு நடந்தான். பசுவை இரண்டு கல்தூணுக்கு நடுவே இருபக்கமும் வடம் போட்டு இழுத்துக் கட்டச் சொன்னான், ஒருத்தரும் கிட்டே போகக்கூடாது என்றான். பிறகு திம்மையாவையே அனுப்பி டாக்டரைக் கூப்பிடச் சொன்னான். மாட்டுக்காரன் கூப்பிட்டால் வந்துதான் ஆக வேண்டும், அதுவும் சுவரில் ஒட்டிய உத்தரவில் இருந்தது.

டாக்டர் வந்தபோது தெருவே கூடியிருந்தது. பசுவின் கண் சிவந்து நட்டுக்கொண்டிருந்தது. அது தலையை உதற உதற வடம் முறுகியது. பத்தடி தள்ளி நின்றே டாக்டர் பார்த்தார்.

"கொட்டை இன்னும் எறங்கல. எண்ணெயக் கூட ஊத்துங்க."

"எறங்கலன்னா எடுத்துரலாம்ல அய்யா?" என்றான் செல்லத்துரை. "நீங்களே கையவிட்டு எடுத்துருங்க. எடுத்துட்டா, எம்மேலதான் தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன். வேலையையும் விட்டுட்டுப் போறேன். இத்தன பேரு சாட்சி."

டாக்டர் முகம் கறுத்தது. வீம்புக்குச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார், இரண்டடி முன்னால் போனார். பசு கம்மிய குரலில் கத்திக்கொண்டு தலையைத் திருப்பியது. எச்சில் நூலாக அவர் பூட்ஸ் முனையில் விழுந்தது. துள்ளிப் பின்னால் வந்துவிட்டார்.

"கையுறை இல்ல," என்றார்.

"நேத்து எனக்கு இருந்துச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட டாக்டர் கத்தித் தப்பித்திருப்பார். எல்லாரும் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கை சுருட்டிய சட்டையை இறக்கிவிட்டு, பையிலிருந்து காகிதத்தையும் பேனாவையும் எடுத்தது.

"எழுதித் தொலைக்கிறேன். ஆனா திரும்பி வந்தா உனக்கு இங்க வேலை இருக்கும்னு நெனைக்காத."

"திரும்பி வாரதுக்குத்தாங்கய்யா கேக்குறேன்."

'வெறிபிடித்த பசு' என்று டாக்டர் எழுதினார். செல்லத்துரையின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடப் போனார். அப்போதுதான் செல்லத்துரைக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து தன் உயிர் தன் உயிர் என்றே அலைந்திருக்கிறான். இந்த ஊர்க்காரனாகப் பிறந்தும் ஒரு விஷயத்தை நினைக்காமல் போனானே! வெட்கமாக இருந்தது.

"கையெழுத்துப் போடாதீங்கய்யா, பொறுங்க," என்றவன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "கொட்டை எடுக்குறேன்னு இது வாயில கைய விட்டது யாரு யாரு? கையத் தூக்குங்க."

முதலில் திம்மையா கையைத் தூக்கினார். பக்கத்து வீட்டுப் பாலையா தூக்கினார். கொட்டை எடுப்பதில் கெட்டிக்காரர் என்று தெருவே கூப்பிட்டு விடும் தங்கசாமி தூக்கினார், அவருடைய விரலிடுக்கில் தறிக்கம்பி கிழித்த பழைய காயம் வாயைத் திறந்துகொண்டிருந்தது. வாயைப் பிளந்து பிடித்துக் கஞ்சி ஊற்றிய கங்கம்மாள், புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு, அழுதுகொண்டே தூக்கினாள். பின்வரிசையில் இன்னும் இரண்டு கை எழுந்தது.

டாக்டருடைய பேனா நகரவில்லை. அவர் உதடு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது.

"எழுதுங்கய்யா. ரெண்டு மணிக் கரிபஸ்ஸுல ஏழு பேரும் மதுரைக்குப் போயாகணும்," என்றான் செல்லத்துரை. "தெருவே கைய விட்டிருக்கு. உங்க கை ஒண்ணுதான் பாக்கி."