ரிமோட் அக்கா

ஸ்டேஷனில் அவளுக்கு ரிமோட் அக்கா என்று பட்டப்பெயர். முன்மேசையில் உட்காரும் போலீஸ்காரி. பின்னறையில் யாரையாவது 'விசாரிக்க' ஆரம்பித்தால் உள்ளேயிருந்து "அக்கா, ரிமோட்டு!" என்று குரல் வரும். அவள் டிவி சத்தத்தைக் கூட்டுவாள். புகார் கொடுக்க வந்தவர்கள் காதில் எதுவும் விழக்கூடாதே! தான் யார்மேலும் கை வைத்ததில்லை என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வாள். நல்ல பெருமை, போங்கள்.

அன்று மதியமும் குரல் வந்தது. செல்போன் பறித்தவன் என்று எவனையோ பின்வாசல் வழியாகக் கொண்டுவந்திருந்தார்கள். "அக்கா! அக்கா!" என்று அவன் அலறினான். அடிபடுகிறவன் அம்மா என்பான், அக்கா என்பான், சாமி என்பான். அதையெல்லாம் காதில் வாங்கினால் பிழைப்பு நடக்குமா? டிவியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் பட்டனை அழுத்தினாள். அவன் இன்னும் அலறினான். இன்னும் அழுத்தினாள்.

"ஊர்ல இருக்கற தம்பியெல்லாம் உங்களுக்குத்தான் போல," என்று பக்கத்து மேசை ஏட்டு கிண்டல் பண்ணினார். அவளும் சிரித்தாள்.

பாட்டு முடிவதற்குள் உள்ளே எல்லாம் அடங்கிவிட்டது. அப்புறம் ஒரே ஓட்டம். இரண்டு கான்ஸ்டபிள்கள் ஒருவனைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு ஓடினார்கள். முகம் வீங்கி, பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. ஆனால் அந்தச் சட்டை! காலையில் அவசரத்தில் அவளே இஸ்திரி போட்டு, பையோரம் கருக்கிவிட்ட சட்டை. "ஒரு சட்டை தேய்க்கத் தெரியல, நீயெல்லாம் போலீஸு!" என்று சிரித்தபடி அதைப் போட்டுக்கொண்டு பார்சல் கொடுக்கக் கிளம்பினானே அவள் தம்பி! அடப்பாவிகளா! ரிமோட் அப்படியே அவள் கையில் இருந்தது.

"எங்க அக்கா இங்கதான் வேலை பாக்குறான்னு சொன்னான்," என்று முணுமுணுத்தான் ஒரு கான்ஸ்டபிள். "மாட்டுறவன் எல்லாம் அப்படித்தான் சொல்றான். நாங்க எங்க நம்புனோம்?"

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு விசாரணை அதிகாரி வந்தார். அவருக்கு முன்பே வந்து நின்ற இன்ஸ்பெக்டர் அவளை வராந்தாவில் ஓரங்கட்டினார்.

"ஆள் தெரியாம நடந்துபோச்சும்மா. கீழ விழுந்துட்டான்னு சொல்லிட்டோம். நீ எதுவும் கேக்கலன்னு மட்டும் சொல்லு, உன் வேலைக்கு நான் பொறுப்பு. இல்லன்னா எல்லாரும் உள்ள போவோம், நீயும்தான்."

தம்பிக்கு ஒரு கண்தான் திறந்தது. அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டே பேசினான்.

"விழல சார், அடிச்சாங்க. அக்கா வெளியதான் இருந்தா. கூப்பிட்டேன், கூப்பிட்டேன்... அந்தப் பாழாப்போன டிவி! அது மட்டும் இல்லன்னா ஓடி வந்திருப்பா."

பழியெல்லாம் டிவிமேல் போய்விட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலையும் தங்கும், தம்பியும் தங்குவான்.

"டிவி சத்தத்தை யாரு கூட்டினது?" என்று கேட்டார் அதிகாரி.

இன்ஸ்பெக்டர் முந்திக்கொண்டார். "ஓட்ட டிவி சார். தானா ஏறும், தானா எறங்கும்."

"டிவி நல்லாத்தான் இருக்கு சார்," என்றாள் அவள். "உள்ள அடிக்கும்போது கூட்டச் சொல்லுவாங்க. எப்பவும் நான்தான் கூட்டுவேன். நேத்தும் நான்தான். அக்கான்னு கூப்பிட்டது கேட்டுச்சு. கேட்டுட்டுதான் கூட்டினேன்."

தம்பி தன் கையை எடுத்துக்கொண்டான்.