அங்கமுத்து விட்ட மூலை

அரியலூரில் ஒருவருக்கு மரவாடி அங்கமுத்துவைத் தெரியாது என்றால் வெற்றிச்செல்விக்குப் பொறுக்காது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரிடம்கூட ஆரம்பித்துவிடுவாள். அவளுக்கு ஐந்து தலைமுறைக்கு முந்திய பாட்டன் அவர். வெள்ளைக்காரன் காலத்தில், நாகப்பட்டினத்தில் கப்பலில் வந்திறங்கிய பர்மாத் தேக்கை மாட்டு வண்டியில் இழுத்துவந்து இந்த ஊரில் அடுக்கிய மனிதர். வண்டி போக ரோடு போட்டார். மாடு குடிக்கக் கிணறு வெட்டினார். வண்டிக்காரன் சாப்பிடவும் லாடம் அடிக்கவும் கயிறு வாங்கவும் கடைகள் முளைத்தன. கடைகளைச் சுற்றி ஊர் வளர்ந்தது. தர்மத்துக்குச் செய்தாரா, தன் தொழிலுக்குச் செய்தாரா என்று யாராவது வாயெடுத்தால், “எதுக்குச் செஞ்சா என்ன, நீ நடக்கறது அந்த ரோட்டுலதானே?” என்பாள்.

அந்த மரவாடியை ஐம்பத்தெட்டு வயதில் இப்போதும் அவள்தான் நடத்துகிறாள். பாட்டனுக்குச் சிலை வைக்க அனுமதி கேட்டுப் பதினோரு வருஷம் அலைந்தாள். செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம் என்று ஊர் சிரித்துக்கொண்டிருந்தபோது உத்தரவு வந்தது. இடம் தேட வேண்டியிருக்கவில்லை. மரவாடித் தெரு கடைவீதியில் சேரும் முக்கில், குடும்பத்துப் பட்டா நிலம் ஒரு துண்டு முக்கோணமாகக் காலியாகக் கிடந்தது. பொன்னான இடம். அதில் யாரும் ஒரு பெட்டிக்கடைகூடப் போட்டதில்லை. ஏன் என்று கேட்டால் வீட்டில் எவருக்கும் தெரியாது. வெற்றிச்செல்வி அங்கே பீடம் கட்டி, ஆறடி வெண்கலப் பாட்டனை நிறுத்தி, துணி போட்டு மூடினாள். ஞாயிற்றுக்கிழமை திறப்பு. முந்நூறு பேருக்குச் சாப்பாடு சொல்லியாகிவிட்டது.

வியாழக்கிழமை காலை அந்த முக்குக்கு ஒரு டிரெய்லர் வந்தது. சிவன் கோயில் கொடிமரத்துக்கான தேக்கு, ஐம்பத்திரண்டு அடி, ஒரே மரம். கோயிலுக்குப் போக அங்கே திரும்பியாக வேண்டும். பாதி திரும்பியதும் வண்டி நின்றுவிட்டது. பின்னால் ஜெயங்கொண்டம் பஸ், அதற்குப் பின்னால் வரிசையாக சிமெண்ட் லாரிகள். ஆரன் சத்தத்தில் மரவாடியில் ரம்பம் ஓடுவதே கேட்கவில்லை.

வெற்றிச்செல்வி வந்து சேர்ந்தபோது டிரைவர் டோமினிக் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். வரதராஜன்பேட்டைக்காரன், நிதானமான ஆள்.

“நீள வண்டி திரும்பறப்ப பின்சக்கரம் உள்பக்கத்தை அறுத்துக்கிட்டுத்தாம்மா வரும். உங்க பீடம் தடுக்குது. இல்லாட்டி எதிர்ப்பக்கம் ஒடிச்சு வாங்கணும். அங்க அந்தக் கடை இருக்கு” என்றான்.

அந்தக் கடை பச்சையம்மாளின் இட்லிக் கடை. நாலு தகரம், புறம்போக்கு.

“கடையைப் பிரிச்சுட்டாப் போச்சு. அது என்ன பட்டாவா, பத்திரமா? வேற எடத்துல நாம போட்டுக் குடுப்போம்” என்றான் வெற்றிச்செல்வியின் தம்பி ராஜா. கூட்டத்தில் பாதி தலையாட்டியது. கோயில் ஆள் ஒருவர், மரத்தின் நுனியில் பத்தடி அறுத்துவிட்டால் என்ன என்று இழுத்தார்.

“கொடிமரத்தையா? வாயைக் கழுவுங்க” என்றாள் வெற்றிச்செல்வி.

பச்சையம்மாள் இட்லிக் கொப்பரையை இறக்கிவிட்டுத் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். பெரிய வீட்டுக்காரர்கள் சொன்னால் சொன்னதுதான் என்று அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அதைப் பார்க்க வெற்றிச்செல்விக்குச் சுருக்கென்று தைத்தது.

“ஒன்னை யாரு, பச்சை, அடுக்கச் சொன்னது? கோலமாவு இருந்தா எடு.”

டேப்பைப் பிடித்து வண்டியின் நீளத்தை அளந்தாள். டோமினிக்கைக் கூடவே நிறுத்திக்கொண்டு, பின்சக்கரம் எந்த வழியாக வரும் என்று கேட்டுக் கேட்டுக் கோலமாவைத் தெருவில் கொட்டிக்கொண்டே நடந்தாள். கோடு வளைந்து முக்கோணத்துக்குள் நுழைந்தது. பீடத்தின் நடுவயிற்றில் முட்டியது. பீடத்துக்கு அந்தப் பக்கம் போய்த் தொடர்ந்தாள். முக்கோணத்தின் ஓரத்தோடு ஓரமாக, ஒரு சாண் பிசகாமல், கோடு கடைவீதியில் போய் இறங்கியது. முப்பத்தைந்து வருஷமாக மரத்தோடு மாரடிப்பவளுக்கு அதற்குமேல் ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பீடத்தின் படியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“மரவண்டி திரும்பறதுக்குன்னு பாட்டன் அளந்து விட்ட எடம்டா இது” என்றாள் ராஜாவிடம். “நான் அவரையே கொண்டாந்து குறுக்க நிறுத்தி வச்சிருக்கேன்.”

“அதுக்கு? அக்கா, பதினோரு வருஷம்.”

“எனக்குத் தெரியாதாடா?”

தெருவே பார்த்துக்கொண்டிருக்க அழுதாள். வெட்கமெல்லாம் படவில்லை. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, சிலையை இறக்கிய கிரேன்காரனுக்கே போன் போட்டாள்.

பன்னிரண்டரைக்குள் போல்ட்டுகளைக் கழற்றிப் பாட்டனைத் துணியோடு தூக்கியாகிவிட்டது. ஜேசிபி பீடத்தை உடைத்துத் தள்ளியது. டோமினிக் சிலுவை போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தான். பின்சக்கரங்கள் பீடம் இருந்த மண்ணின் மேல் ஏறி இறங்கின. மரத்தின் வால் இட்லிக் கடைத் தகரத்துக்கு ஒரு கை தள்ளி அலுங்காமல் போயிற்று. ஊர் கைதட்டியது. வெற்றிச்செல்வி தட்டவில்லை, பெருமையில் அவளுக்குக் கை எழவில்லை. பாட்டன் தன் பக்கத்தில் நின்று வண்டிக்கு வழி சொல்வதுபோல் இருந்தது. அத்தனை வருஷம் ஆபீஸ் படி ஏறியபோது ஒருநாள்கூட அவர் இவ்வளவு கிட்டே வந்ததில்லை.

பஸ்ஸும் லாரிகளும் நகர்ந்தன.

“இப்ப சிலையை எங்கக்கா வைக்கறது?” என்றான் ராஜா.

“மரவாடிக்குள்ள நிறுத்து. மரம் வாங்க வர்றவங்க பாக்கட்டும். ஞாயித்துக்கெழம எல்லாரையும் வரச் சொல்லு, சோறு உண்டு. இந்த எடத்தை ரோட்டுக்குன்னு நகராட்சிக்கு எழுதிக் குடுத்துடறேன்.”

“பட்டா நெலத்தையா? ஒனக்கென்ன பைத்தியமா? நம்ம கையில இருந்தாத்தானே யாரும் எதையும் வைக்காம பாத்துக்க முடியும்?”

வெற்றிச்செல்வி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வேற யாருடா வச்சது? என்கிட்டேருந்துதான் இதைக் காப்பாத்தணும்.”